பிள்ளையின் நோயும் அமானிதமே



பிள்ளையை முதன்முதலாக மக்தபில் கொண்டுவந்து விடும் பெற்றோர் நம்மிடம் பல சங்கதிகளைச் சொல்லுவார்கள். பெயரைச் சொல்லுவார்கள், வயதைச் சொல்லுவார்கள், பிள்ளை குறும்பு செய்யும் என்று முன்னெச்சரிக்கை செய்வார்கள். "இனி உங்க பொறுப்பு ஹஜ்ரத்!" என்று கையைப் பிடித்து ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். அந்தப் பிள்ளைக்கு என்ன நோய், என்ன மருந்து சாப்பிடுகிறது என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள். ஓதிக்கொடுக்கும் நாமும் கேட்பதில்லை. இவ்விரு மௌனங்களுக்கும் இடையில் பிள்ளை அகப்பட்டுக்கொள்கிறது. இதை ஏட்டில் படித்துவிட்டு எழுதவில்லை; நம் கண்முன்னே நடந்ததை எழுதுகிறோம்.

ஆரணியில் பட்டுத்தறியை நம்பி வாழும் குடும்பங்கள் நிறைந்த ஒரு தெருவில், பஜ்ருக்குப் பிறகு பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்துக்கொண்டிருந்தோம். வெளியே தெருவில் பாவு நீட்டிக்கொண்டிருந்தார்கள். அம்ம ஜுஸுவில் பாதியைக் கடந்திருந்த ஒன்பது வயதுப் பெண்பிள்ளையொன்று, ஓதிக்கொண்டிருந்தவாறே பக்கவாட்டில் சாய்ந்தது. கண்கள் மேலே சொருகின. கைகால்கள் வெட்டி இழுத்தன. வாயில் நுரை தள்ளிற்று. மற்றப் பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடின. சத்தம் கேட்டு வந்தவர்களில் ஒருவர் சாவிக்கொத்தை அதன் கையில் திணித்தார். இன்னொருவர் பல் கிட்டிக்கொள்ளுமென்று கரண்டிக் காம்பை வாய்க்குள் நுழைக்கப் பார்த்தார். ஒரு முதியவர் இது ஜின்னுடைய வேலைதான் என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். நாம் என்ன செய்தோம்? ஆயத்துல் குர்ஸீ ஓதி ஊதினோம். அதில் பிழையில்லை. அத்துடன் நில்லாமல், ஓதி ஊதிய தண்ணீரை அந்தப் பிள்ளையின் வாயிலும் ஊற்றினோம். அதுதான் நாம் செய்த பெரும்பிழை. தன்னுணர்வில்லாத பிள்ளைக்கு ஊற்றும் தண்ணீர் வயிற்றுக்குப் போகாமல் மூச்சுக்குழாயில் இறங்கிவிடக்கூடும் என்பதை அன்று நாம் அறிந்திருக்கவில்லை. அல்லாஹ் காப்பாற்றினான்.

அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்றோம். டாக்டர் நம்மிடம் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை நிமிஷம் இழுத்தது?" என்பது. அங்கே நின்ற ஏழு பேரில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. "முன்பு வந்திருக்கிறதா?" என்பது இரண்டாவது கேள்வி. இல்லையென்று தகப்பனார் தலையை ஆட்டினார்.

அன்று இஷாவுக்குப் பிறகு அந்தப் பிள்ளையின் தாயார் நம் வீட்டுப் பெண்களிடம் வந்து அழுதார். இரண்டு வருஷமாகவே வலிப்பு இருக்கிறதாம். வேலூரில் காட்டி மாத்திரை கொடுத்து வந்தார்களாம். மாத்திரை தீர்ந்து நான்கு நாளாகிவிட்டது. கல்யாணப் புடவையொன்றைக் கெடுவுக்குள் தறியிலிருந்து இறக்க வேண்டியிருந்ததால் வேலூர் போக நேரமில்லை. அதே அவசரத்தில் பிள்ளையும் இரவு வெகுநேரம் கண்விழித்துத் தார் சுற்றியிருக்கிறது. மாத்திரையைத் திடீரென நிறுத்துவதும், தூக்கம் கெடுவதும் வலிப்பை வரவழைக்கும் என்று பின்னர் டாக்டர் நமக்கு விளக்கினார். பெண்பிள்ளையாயிற்றே, நாளை யார் கட்டிக்கொள்வார்கள் என்றுதான் மறைத்தோம் என்றார் அந்தத் தாயார். அவரைக் கடிந்துகொள்ள நமக்கு நாவெழவில்லை. வாயில் தண்ணீர் ஊற்றிய நாம் கடிந்துகொள்வதெப்படி?

ஹதீஸ் கிரந்தங்களைப் புரட்டியவர்கள் இந்த வரலாற்றை அறிவார்கள். ஹஜ்ரத் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்க, இமாம் அபூதாவூத் அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பயணத்தில் ஒரு தோழருக்குக் கல் பட்டுத் தலை உடைந்துவிட்டது. அவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. தயம்மும் செய்துகொள்ளலாமா என்று உடனிருந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர்தான் இருக்கிறதே, உமக்கு அனுமதியில்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், வபாத்தாகிவிட்டார். இச்செய்தி நாயகத் திருமேனி (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது கடும் கோபங்கொண்டார்கள். அவர்கள்தாம் அவரைக் கொன்றுவிட்டார்கள் என்றார்கள். தெரியாதபோது கேட்டிருக்கக்கூடாதா, அறியாமைக்கு மருந்து கேட்டறிவதல்லவா என்ற கருத்தில் கண்டித்தார்கள். சொன்னவர்கள் கெட்டவர்களல்லர், மார்க்கப்பற்று மிக்கவர்கள். நல்லெண்ணம் அவர்களைக் கண்டனத்திலிருந்து காப்பாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். மருத்துவம் கற்றறியாதவன் மருத்துவம் செய்து கேடு விளைந்தால் அவனே அதற்கு ஈடு செய்யும் பொறுப்பாளி என்றும் அபூதாவூதில் வந்திருக்கிறது. கரண்டியை நுழைத்துப் பிள்ளையின் பல்லை உடைப்பவர் இதைச் சற்றே சிந்திக்க வேண்டுகிறோம்.

வலிப்பு நோயைப் பற்றியே ஒரு ஹதீஸ் இருக்கிறது. ஹஜ்ரத் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் தம் மாணவர் அதாஉ அவர்களுக்கு ஒரு கறுப்பினப் பெண்மணியைக் காட்டி, இவர் சுவனவாசி என்றார்கள். அப்பெண்மணி நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, தமக்கு வலிப்பு வருவதையும் அப்போது ஆடை விலகிவிடுவதையும் கூறி, துஆச் செய்யுமாறு வேண்டினார். பொறுத்துக்கொண்டால் சுவனமுண்டு, விரும்பினால் சுகத்திற்காக துஆச் செய்கிறேன் என்று இரண்டையும் அவர் முன் வைத்தார்கள். பொறுத்துக்கொள்கிறேன், ஆடை மட்டும் விலகாதிருக்க துஆச் செய்யுங்கள் என்றார் அவர். அவ்வாறே துஆச் செய்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது இருக்கிறது.

இந்த ஹதீஸைச் சொன்னதும் சிலர், பொறுமைதானே சிறப்பு, மாத்திரை எதற்கு என்று கேட்கிறார்கள். அந்தப் பெண்மணி பருவமடைந்தவர். தமக்காகத் தாமே தேர்ந்துகொண்டார். ஒன்பது வயதுப் பிள்ளைக்காகப் பெற்றோர் பொறுமையைத் தேர்ந்தெடுப்பதற்கு இதில் ஆதாரமில்லை. மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவியவர்களும் அதே நாயகம் (ஸல்) அவர்களே. முதுமையைத் தவிர மருந்தில்லாத நோயை அல்லாஹ் இறக்கவில்லை என்று அறிவித்தவர்களும் அவர்களே. நம் பார்வையில் இந்த ஹதீஸ் தரும் படிப்பினை வேறு. முதலாவது, அப்பெண்மணி தம் நோயை மறைக்கவில்லை. மக்கள் தலைவரிடம் வந்து வாய்விட்டுச் சொன்னார். இரண்டாவது, வலிப்பைவிடத் தம் மானத்தைப் பற்றியே அதிகம் கவலைப்பட்டார். ஆகவே பிள்ளைக்கு வலிப்பு வந்தால், வேடிக்கை பார்ப்பவர்களை விலக்கி, ஒரு துப்பட்டியால் மூடுவதும் முதலுதவியைச் சேர்ந்ததுதான். வலிப்பில் சிறுநீர் பிரிந்துவிடுவதுண்டு. விழித்தெழும் பிள்ளைக்கு அந்த வெட்கம் நோயைவிடப் பெரிது.

மற்றதை டாக்டரிடம் கேட்டறிந்தவாறு சொல்கிறோம். பிள்ளையைத் தரையிலேயே விட்டு, ரெஹாலையும் பலகையையும் அப்புறப்படுத்த வேண்டும். தலைக்கடியில் மடித்த துணியை வைத்து, கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். கைகாலை அழுத்திப் பிடிக்கக்கூடாது. வாயில் எதையும், தண்ணீர் உட்பட, வைக்கக்கூடாது. இரும்பினால் ஒரு பயனுமில்லை. வலிப்பு பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிஷத்தில் தானாகவே அடங்கிவிடுவதால் சாவிக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது! கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிஷத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்புமுன் மறுபடி வந்தாலோ, அதுவே முதன்முறையானாலோ, அடிபட்டிருந்தாலோ 108க்குச் சொல்ல வேண்டும். 2008 முதல் நம் மாநிலத்தில் இந்த வண்டி ஓடுகிறது, காசு வாங்குவதில்லை. நினைவு திரும்பும்வரை பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். ஓதுவதானால் அப்போது தாராளமாக ஓதலாம்.

ஜின் என்று சொல்லிவிடும் பழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜின் உண்டு என்பது நம் ஈமானில் உள்ளது. ஆனால் கைகால் இழுத்தால் ஜின், தனியே பேசினால் ஜின் என்று முடிவு கட்டிவிட்டு மருந்தை நிறுத்துவதற்கு ஷரீஅத் இடந்தரவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், தர்காவை அண்டி நடந்துவந்த தனியார் காப்பகமொன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓடமுடியாமல் 28 மனநோயாளிகள் மாண்டதை யாரும் மறந்திருக்க முடியாது. பிற்காலத்தில் அதே ஏர்வாடியில், அரசு டாக்டர்கள் மருந்து கொடுக்க, தர்காவில் துஆவும் நடக்கும் ‘தவா-துவா’ ஏற்பாடு வந்தது. மருந்தும் துஆவும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்று விளங்க நமக்கு இத்தனை உயிர்கள் தேவைப்பட்டிருக்க வேண்டாம்.

காயம் பட்ட பிள்ளையின் விஷயத்திலும் இப்படித்தான். உஹதுப் போரில் நாயகம் (ஸல்) அவர்களின் திருமுகத்தில் காயம் பட்டபோது, ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்கள் கேடயத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற, அன்னை பாத்திமா (ரலி) அவர்கள் கழுவினார்கள். தண்ணீரால் இரத்தம் அதிகமாவதைக் கண்டதும், பாயின் துண்டொன்றை எரித்துச் சாம்பலை வைத்தார்கள், இரத்தம் நின்றது. இதைக் கேட்டுவிட்டு அடுப்புச் சாம்பலை அள்ளி அப்புபவர்கள் நம்மூரில் இருக்கிறார்கள். அன்னையவர்களின் செயலில் நாம் பின்பற்ற வேண்டியது, ஒரு வழி பலிக்கவில்லையென்று கண்டவுடன் அன்று அறிந்திருந்த மேலான வழிக்கு மாறியதைத்தான். இன்று அறிந்த மேலான வழி, சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்திப் பிடிப்பதும், ஆழமான காயமானால் ரணஜன்னி ஊசிக்கு அழைத்துச் செல்வதும். சாயப்பட்டறைக் கொதிநீரோ வீட்டுக் கஞ்சியோ பட்டுவிட்டால், குழாயின் குளிர்ந்த நீரை இருபது நிமிஷம் விட வேண்டும். மையும் பற்பசையும் வேண்டாம்.

ரமலானைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பிள்ளையின் முதல் நோன்பை மாலை போட்டுக் கொண்டாடுகிறோம், நல்லது. ஆனால் இன்சுலின் ஊசியை நம்பி வாழும் சர்க்கரை நோயுள்ள பிள்ளைகள் நம் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். பருவமடையாத பிள்ளைக்கு நோன்பு கடமையில்லை. பருவமடைந்த நோயாளிக்குத் திருமறையே பகரா அத்தியாயத்தில் சலுகை தந்திருக்கிறது. ஊருக்குக் காட்ட இந்தப் பிள்ளையை நோன்பு பிடிக்க வைப்பது நன்மையல்ல, விபரீதம். சாதாரண நாளிலும், வெறும் வயிற்றோடு விடியற்காலை வந்த அத்தகைய பிள்ளை வியர்த்து நடுங்கினால், உளறினால், தூங்கி வழிந்தால், பிரம்பை எடுக்காதீர்கள். நினைவிருந்து விழுங்க முடியுமானால் உடனே சர்க்கரைத் தண்ணீரோ குளுக்கோஸோ கொடுங்கள். நினைவில்லையென்றால் வாயில் ஒன்றும் கொடாமல் 108ஐ அழையுங்கள். பொதுத் தேர்வு அறைக்குள்ளேயே இத்தகைய பிள்ளைகள் மிட்டாயும் பழமும் கொண்டுபோக மத்தியக் கல்வி வாரியம் 2017ல் அனுமதி கொடுத்துவிட்டது. ஓதும்போது தின்னக்கூடாதென்று நாம் அதட்டுவதில் என்ன மார்க்கம் இருக்கிறது? இழைப்புள்ள பிள்ளையின் இன்ஹேலரும் அப்படியே. அது பையிலிருக்க வேண்டும். ஹஜ்ரத்தின் அலமாரியில் பூட்டியிருக்கக்கூடாது.

தாயார் சொன்ன கல்யாணக் கவலையை நாம் அற்பமாக எண்ணவில்லை. ஆனாலும் சட்டத்தின் நிலையைத் தெரிந்துகொள்ளட்டும். 1939ஆம் வருஷத்து முஸ்லிம் திருமண ரத்துச் சட்டத்தில் வலிப்பு ஒரு காரணமாகச் சொல்லப்படவே இல்லை. இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் இருந்ததை 1999ல் எடுத்துவிட்டார்கள். (நிக்காஹ் பேசும்போது மறைக்கலாமா என்பது வேறு மஸ்அலா. மறைக்கக்கூடாது என்பதே நம் கருத்து. விரிவாகப் பின்னொரு இதழில், இன்ஷா அல்லாஹ்.) ஊருக்கெல்லாம் சொல்லச் சொல்லவில்லை; ஓதிக்கொடுப்பவரிடமும் பள்ளிக்கூட ஆசிரியரிடமும் சொல்லுங்கள் என்கிறோம். அப்படிச் சொல்லப்பட்டது ஆசிரியரிடம் அமானிதம். அதை டீக்கடையில் வைத்துப் பேசும் ஹஜ்ரத் அமானிதத்தில் மோசடி செய்தவராவார்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நம் மக்தபில் ஒரு நோட்டு வைத்தோம். பிள்ளையின் பெயர், நோய், மாத்திரை, ஒவ்வாத பொருள், யாருக்குப் போன் செய்வது என்று ஒரு பக்கம். நம்மையும் முத்தவல்லியையும் தவிர வேறொருவர் பார்ப்பதில்லை. முதல் மாதம் எல்லோரும் "ஒன்றுமில்லை" என்றே எழுதிக்கொடுத்தார்கள். அந்தப் பிள்ளையின் தாயார்தான் முதலில் உண்மையை எழுதினார். பிறகு மூன்று பேர் எழுதினார்கள். மாத்திரை வாங்கப் பஸ் கூலியில்லாதவருக்கு ஜமாஅத் கொடுக்கிறது. இரவில் பிள்ளைகளைத் தார் சுற்ற வைப்பதை நிறுத்துங்கள் என்றும் சொல்லிவருகிறோம். அதை இன்னும் எல்லோரும் கேட்டபாடில்லை.

சென்ற குளிர்காலத்தில் அந்தப் பிள்ளைக்கு மறுபடி ஒருமுறை வலிப்பு வந்தது. பெரிய பெண்பிள்ளையொன்று தன் துப்பட்டாவை விரித்து மூடினாள். சிறுவர்களை வராந்தாவுக்கு அனுப்பினோம். ஒரு பையன் சுவர்க்கடிகாரத்தின் கீழ் நின்று இரண்டு நிமிஷம் இருபது வினாடி என்று எண்ணிச் சொன்னான். சாவியை யாரும் தேடவில்லை. கண்விழித்த பிள்ளை, பாடம் எங்கே நின்றது ஹஜ்ரத் என்று கேட்டது. இப்போது தூங்கம்மா, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றோம்.