பெருமாளின் கடன்

திருமலையில் உண்டியல் அருகே, "சாமிக்கு எதுக்குப் பணம்?" என்று குழந்தை கேட்டால் பேச்சை மாற்றாதீர்கள். வட்டி என்றால் என்ன என்று சொல்லித்தர அதைவிட நல்ல இடம் கிடையாது.

பத்மாவதித் தாயாரை மணக்க ஏழுமலையான் குபேரனிடம் கடன் வாங்கினார், கலியுகம் முடியும்வரை வட்டி கட்டுகிறார் என்பது ஐதீகம். அடுத்தவர் பணத்தை நாம் வைத்திருக்கும் காலத்துக்குக் கொடுக்கும் வாடகைதான் வட்டி என்று சொல்லுங்கள். வட்டியை மட்டும் கட்டிக்கொண்டே இருந்தால் அசல் ஒரு ரூபாய்கூடக் குறையாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பிறகு மறுபக்கத்தையும் காட்டுங்கள். 2022 நவம்பரில் திருமலை திருப்பதி தேவஸ்தானம் வெளியிட்ட வெள்ளை அறிக்கையின்படி, வங்கிகளில் அதன் வைப்புத்தொகை சுமார் ரூ.15,900 கோடி. அதற்கு வங்கிகள் தேவஸ்தானத்துக்கு வட்டி தருகின்றன. வைப்பாக வரும் பணத்தைப் பிறருக்குக் கடனாகக் கொடுத்து, அதைவிடக் கூடுதல் வட்டி வாங்குகின்றன.

கடன் வாங்கியவருக்கு ஒவ்வொரு நாளும் செலவு; சேமித்தவருக்கு ஒவ்வொரு நாளும் வரவு. இதை ஏழு வயதில் புரிந்துகொண்ட பிள்ளை, வளர்ந்தபின் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன் கணக்குப் போட்டுப் பார்க்கும்.