அடியவர் எழுதும் ஆசாரியர் வரலாறு

பூந்தமல்லியில் அவதரித்த திருக்கச்சி நம்பி, காஞ்சி வரதராசப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசும் கைங்கரியம் செய்தவர், இராமானுசருக்கு வழிகாட்டியவர். அவரைப் பற்றிய செய்திகளில் பெரும்பகுதி வைணவ ஆசாரியர்களின் வரிசையைக் கூறும் குருபரம்பரை நூல்களிலிருந்து கிடைப்பவை. அவற்றை எழுதியவர்களோ அதே மரபின் அடியவர்கள். பற்றுள்ளவர் எழுதிய வரலாற்றை எவ்வளவு நம்பலாம்? பற்று இல்லாதவர் அதை எழுதியே இருக்க மாட்டார் என்பதையும் சேர்த்தே இதற்கு விடை தேட வேண்டும்.

இணையக் கலைக்களஞ்சியத்திலும் இதே சிக்கல்தான். தன்னைப் பற்றியோ உறவினர், முதலாளி பற்றியோ நேரடியாகத் தொகுப்பதைத் தவிர்க்கச் சொல்கிறது விக்கிப்பீடியா. உறவை வெளிப்படையாகச் சொல்லி, கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் திருத்தம் கோரலாம். பணம் பெற்று எழுதுவோர் அதை அறிவிப்பது 2014 முதல் கட்டாயம். பக்தராக இருப்பது மட்டுமே தடையாகாது; தான் எழுதும் மடத்திலேயே பதவி வகித்தால் கதை வேறு.

எழுதும் முறையும் முக்கியம். வரதர் நம்பி மூலம் இராமானுசருக்கு ஆறு வார்த்தைகள் அருளினார் என்றால் அது பக்தரின் வாக்கியம். அருளியதாகக் குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன என்று எழுதினால் நாத்திகரும் மறுக்க மாட்டார், பக்தருக்கும் குறையில்லை. மடத்தில் சம்பளம் வாங்குபவர் இந்த இரண்டாம் வாக்கியத்தைக்கூடப் பேச்சுப் பக்கத்தில் முன்வைப்பதே முறை.