பிணைச்சலும் பொறுப்பும்

ஒரு பொருள் உடைந்துபோனால் அதற்குப் பொறுப்பாளி யார்? அதை உபயோகித்தவரே என்பது உலக வழக்கான விடை. "கவனமாக வைத்திருந்தால் உடைந்திருக்குமா?" என்று ஒரு கேள்வியைப் போட்டுவிட்டால் விவகாரம் முடிந்துவிடுகிறது. அவ்வளவு எளிதில் முடியக்கூடிய விவகாரம்தானா இது என்று பரிசீலிப்பதே நமது நோக்கம். பரிசீலனைக்கு நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் மிகச் சிறியது: மூக்குக்கண்ணாடியின் சட்டத்தையும் காதில் மாட்டும் தண்டையும் இணைக்கின்ற பிணைச்சல். கீல் என்றும் கூறுவர். நெல்மணி அளவேயான இந்த உலோகத் துண்டைப் பற்றி இலக்கியப் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று சிலர் நகைக்கலாம். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் மலைச்சரிவில் நின்று கொழுந்து கிள்ளுகிற பெண் நகைக்கமாட்டாள்.

நாற்பது வயதைத் தாண்டியவர்க்குக் கிட்டத்திலுள்ள பொருள் மங்கத் தொடங்கும். நம்மவர் இதற்கு வெள்ளெழுத்து என்று பெயரிட்டார்கள். அழகான பெயர்தான். ஆனால் எழுத்தை வைத்துப் பெயர் சூட்டியதிலிருந்தே, இந்தக் குறை ஏடு புரட்டுவோர்க்கு மட்டுமே இடைஞ்சல் என்ற எண்ணம் எவ்வளவு பழையது என்பது விளங்குகிறதல்லவா? எழுத்தறியாதவர்க்கும் வெள்ளெழுத்து வரும். தேயிலைச் செடியில் அவர்கள் வாசிக்க வேண்டியது இரண்டு இலையும் ஒரு மொட்டும். அதைத் தவறாக வாசித்தால் முற்றிய இலை கூடையில் விழும். நிறுவையின்போது கணக்கில் கழியும். குறித்த நிறை வந்து சேராவிட்டால் அன்றைக்கு அரைப்பேர். தோட்டத்து வாழ்வை அறிந்தவர்க்கு அரைப்பேர் என்ற சொல்லுக்கு விளக்கம் வேண்டியதில்லை. அறியாதவர்க்குச் சொல்வதானால், முழு நாளும் மலையில் நின்றவளுக்கு அரை நாட் சம்பளம் என்பதே அதன் பொருள்.

இது வெறும் ஊகமன்று. 2017 ஆம் ஆண்டில் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில், நாற்பது வயதும் அதற்கு மேலுமான 751 தொழிலாளரிடையே ஓர் ஆராய்ச்சி நடந்தது. பெரும்பாலோர் பெண்கள். ஒரு பிரிவினர்க்குக் கிட்டப்பார்வைக் கண்ணாடியை உடனே இலவசமாகக் கொடுத்தார்கள். மறு பிரிவினர்க்கு ஆராய்ச்சி முடிந்த பின்னர். அடுத்த ஆண்டு 'லான்செட் குளோபல் ஹெல்த்' என்னும் மருத்துவ ஏட்டில் முடிவு வெளியாயிற்று. கண்ணாடி பெற்றோரின் சராசரி நாட்பறிப்பு 25 கிலோவிலிருந்து ஏறத்தாழ 35 கிலோவாயிற்று. பெறாதோரின் பறிப்பும் உயர்ந்ததுதான், 26 கிலோவிலிருந்து 31 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக. இரு உயர்வுக்கும் இடையிலுள்ள வேறுபாடு நாளொன்றுக்கு 5 கிலோவுக்கு மேல். கண்பார்வையைத் தராசில் நிறுத்துக் காட்டினால்தான் உலகம் நம்புகிறது! அரிசியில் கல் பொறுக்கவும், ஊசியில் நூல் கோக்கவும், சம்பளத் துண்டில் பிடித்தது எவ்வளவு என்று பார்க்கவும், பிள்ளையின் கொப்பியை விரித்துப் பார்க்கவும் கண் வேண்டும் என்று சொன்னால் எந்த ஏடு அச்சிடும்?

அது போகட்டும். கண்ணாடி கிடைத்துவிட்டதாகவே கொள்வோம். இனித்தான் பிணைச்சலின் கதை தொடங்குகிறது.

காரியாலயத்து இலிகிதர் ஒருவர் காலையில் மேசைமுன் அமர்ந்து கண்ணாடியை மாட்டுகிறார், மாலையில் கழற்றுகிறார். கொழுந்து பறிப்பவளின் நிலைமை வேறு. வெள்ளெழுத்துக் கண்ணாடி கிட்டப் பார்ப்பதற்கு மட்டுமே உதவும். அதை அணிந்தபடி செங்குத்தான சரிவில் அடியெடுத்து வைத்தால் தரை கலங்கித் தெரியும்; கானில் கால் தவறும். ஆகவே ஒரு நிரையில் பறித்து முடித்து மறு நிரைக்குப் போகும்போது கழற்ற வேண்டும். போய் நின்றதும் மாட்ட வேண்டும். மழை தூறினால் கழற்ற வேண்டும். பனிமூட்டம் வில்லையை மூடினாலும் கழற்ற வேண்டும். தலைக்கு மேலாகச் செல்லும் கூடைக்கயிறு காதோரத்துத் தண்டை அழுத்துகிறது. ஒரு கை கொழுந்தில் இருப்பதால் மறு கையால் மட்டுமே கழற்றுகிறாள். அப்போது தண்டு ஒரு பக்கமாக முறுகுகிறது. விரலெல்லாம் ஈரமும் கொழுந்துக் கறையும். மூக்குக்கண்ணாடிச் சட்டங்களைச் சோதிக்கச் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு வகுத்துள்ள 12870 ஆம் இலக்க நியமத்தின்படி, ஒரு பக்கத் தண்டை 500 தடவை அசைத்துப் பார்ப்பார்கள். அதன் பின்னரும் முறியாமலும் அளவு கடந்து வளையாமலும் இருந்தால் சட்டம் தேறிவிடும். இவள் நாளொன்றுக்கு இருபது தடவை மாட்டிக் கழற்றுவதாகக் கணக்கிட்டால், இருபத்தைந்தே நாளில் அந்த 500 தீர்ந்துவிடுகிறது. சோதனைக்கூடத்து அசைவும் மலைச்சரிவின் அசைவும் ஒன்றல்ல என்பது மெய்தான். ஆனால் அந்த எண்ணை வகுத்தவர்களின் மனக்கண்முன் எந்த மனிதர் நின்றிருப்பார் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. கொழுந்துக் கூடை சுமந்தவர் நின்றிருப்பார் என்று நமக்குத் தோன்றவில்லை.

பிணைச்சலின் அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். சட்டத்தில் இரண்டு சிறு வளையங்கள், தண்டில் ஒன்று. மூன்றையும் கோத்துக்கொண்டு ஒன்றரை மில்லிமீற்றர் பருமனும் இல்லாத ஒரு திருகாணி நிற்கிறது. தண்டு மடங்கும்போதெல்லாம் நடு வளையம் ஆணியை உராய்ந்து தன்னோடு சிறிது திருப்புகிறது. மடக்கும்போது இறுகினாலும் விரிக்கும்போது தளர்ந்தாலும், இரண்டும் சரிநிகராக ஈடுசெய்துகொள்வதில்லை. நாளடைவில் தளர்ச்சியே மிஞ்சுகிறது. வியர்வையின் உப்பு மரையை அரிக்கிறது. ஒருநாள் ஆணி எங்கோ விழுந்துவிடும். தேயிலை மலையில் விழுந்த அந்த ஆணியைத் தேட முடியுமா? வெள்ளெழுத்து உள்ளவளால் முடியுமா? மலிவான கண்ணாடிகளில் நிலைமை இன்னும் மோசம். அவற்றில் ஆணி அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கையே கடித்துக்கொண்டு நிற்கிறது. அந்தப் பிடி ஒருமுறை தேய்ந்துவிட்டால் புதிய ஆணி போட்டும் பயனில்லை. உள்ளே சுருள்வில் வைத்த நவநாகரிகப் பிணைச்சல் அணியும்போது இதமாகத்தான் இருக்கும். அது கெட்டால் பட்டணத்துக் கடைக்காரரும் கையை விரித்துவிடுவார்.

காதில் மாட்டும் தண்டுகள் லண்டனில் 18 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வழக்கத்துக்கு வந்தன. பல நூற்றாண்டுக் காலம் மூக்கில் இடுக்கியும் கையில் பிடித்தும் வந்த பொருளுக்கு அப்போதுதான் கை முளைத்தது. கை முளைத்ததும் மூட்டும் வேண்டியதாயிற்று. ஏறத்தாழ முந்நூறு ஆண்டு வயதான இந்த மூட்டுக்கு இன்றும் சிறு ஆணி ஒன்றே கதி என்றால், விஞ்ஞானத்துக்கு வழி தெரியவில்லை என்று பொருளல்ல. ஆணி கழன்றால் முடுக்கித்தரக் கடை பக்கத்தில் இருக்கிறது, வாங்குபவர்க்கு அங்கே போக நேரமும் இருக்கிறது என்ற துணிவில்தான் பொருள் செய்யப்படுகிறது.

அந்தக் கடை மலைநாட்டில் எங்கே இருக்கிறது? ஹட்டனில் இருக்கிறது, நுவரெலியாவில் இருக்கிறது. மஸ்கெலியாவுக்கு அப்பால் ஒரு டிவிசன் லயத்திலிருந்து அங்கே போவதற்கு முதலில் பஸ் வரும் பாதை வரை நடக்க வேண்டும். போய்த் திரும்புவதற்குள் ஒருநாட் பேர் போய்விடும். ஆண்டுக்கணக்கில் போராடிய பின்னர் 2021 இல்தான் நாளொன்றுக்கு 1000 ரூபா என்ற சம்பளம் கைக்கு வந்தது என்பதை நினைவிற்கொண்டு, ஆணியின் விலையையும் பஸ் செலவையும் இழந்த பேரையும் கூட்டிப் பாருங்கள். அவள் கடைக்குப் போவதில்லை. நூல் சுற்றுகிறாள், ஊக்கைக் கோக்கிறாள், மெல்லிய செப்புக் கம்பியை முறுக்குகிறாள். பின்னர் ஒருநாள் கண்ணாடி தகரப் பெட்டிக்குள் போய்விடுகிறது. "இலவசமாகக் கொடுத்தோம், அணியவில்லை" என்று கொடுத்தவர்கள் எழுதிக்கொள்கிறார்கள்.

நமது கேள்விக்கு இங்கே வருகிறோம். பராமரிப்பு என்பது ஓர் உழைப்பு. எந்தப் பொருளும் செய்து முடிந்த நாளோடு முடிந்துவிடுவதில்லை. துடைக்க, முடுக்க, எண்ணெயிட, மாற்ற, இடைவிடாமல் ஒருவர் உழைத்துக்கொண்டிருந்தால்தான் பொருள் பொருளாக இருக்கும். அந்த உழைப்பில் ஒரு பங்கைச் செய்பவர் தம் தலையில் ஏற்றுக்கொள்ளலாம். ஆணி நுனியில் சிறு சுரை ஒன்றைப் பூட்டினால் போதும். வளையங்களை மூன்றுக்குப் பதிலாக ஐந்தாக்கினால் போதும். இதற்கு ஆகும் செலவைத் தொழிற்சாலை மிச்சம் பிடிக்கும்போது அது மறைந்துவிடுவதில்லை. மலைக்கு ஏறி வந்து, பஸ் செலவாகவும் அரைப்பேராகவும் உருமாறி, கொடுக்க இயலாதவளிடம் வசூலாகிறது. ஆதலால், "கவனமாக வைத்திரு" என்ற உபதேசம் கேட்பதற்கு நீதிமொழி போலிருந்தாலும் அது ஒரு கடன் சீட்டு. அவள் கையொப்பமிடாத கடன் சீட்டு.

இவ்விடத்தில் ஓர் எதிர்வாதம் எழும். "சம்பளம் உயர்ந்தால் நல்ல கண்ணாடியை அவளே வாங்கிக்கொள்வாள், சம்பளத்தைப் பேசாமல் ஆணியைப் பேசுவது திசைதிருப்பல் அல்லவா?" இதைச் சொல்பவர்கள் நமது நண்பர்களே. சம்பளமே முதன்மை என்பதில் நமக்கும் இரண்டாவது கருத்தில்லை. ஆனால் பறிப்பு 5 கிலோ கூடினால் குறித்த நிறையையும் கூட்டிவிட வேண்டியதுதான் என்று கணக்குப் போடக் காத்திருக்கும் நிர்வாகங்கள் உள்ள உலகில், ஆணியும் சம்பளப் பேச்சின் ஒரு பகுதியே. கண்பார்வையை வேலைக் கருவியாக மதித்து அதன் பலனை எடுத்துக்கொள்பவர்கள், கருவி பழுதானால் திருத்தும் கடமையையும் எடுத்துக்கொள்ள வேண்டாமா? கவாத்துக் கத்தி முறிந்தால் அது தோட்டத்து விவகாரம். கண்ணாடி முறிந்தால் மட்டும் அவளுடைய சொந்த விவகாரமா?

சரித்திரத்தில் ஒரு விசித்திரமான ஒப்புமை உண்டு. 1948 ஜூலையில் பிரித்தானியாவில் தேசிய சுகாதார சேவை தொடங்கிற்று; மூக்குக்கண்ணாடி இலவசமாயிற்று. அதே ஆண்டில் இலங்கையில் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. பிரித்தானியாவின் மேசைக்குத் தேயிலை அனுப்பிய மக்கள் நாடற்றவர் ஆனார்கள். 1951 இல் கண்ணாடிக்கும் பற்களுக்கும் கட்டணம் விதிக்க பிரித்தானிய அரசாங்கம் முற்பட்டபோது, அந்தச் சேவையை உருவாக்கிய அனைரின் பெவன் மந்திரி பதவியைத் துறந்தார். ஒரு மந்திரி பதவி துறக்குமளவுக்கு அங்கே கண்ணாடி அரசியற் பிரச்சினையாக இருந்தது! நமது தீவில் அரசாங்க வைத்தியசாலையில் கண்ணைப் பரிசோதிக்கப் பணம் கேட்பதில்லை. கண்ணாடியைப் பெரும்பாலும் வெளியே வாங்க வேண்டும். டாக்டர் ஹட்சன் சில்வா 1961 இல் நிறுவிய கண்தானச் சங்கத்தால் உலகின் பல நாடுகளுக்கு விழிவெண்படலம் அனுப்பிய நாடு இது. கண்ணையே கொடுக்கத் தெரிந்த நாட்டில் திருகாணி கொடுக்க ஆளில்லை என்றால், பெரிய கொடையைப் போற்றும் நமது மனம் சிறிய கடமையைக் காண்பதில்லை என்றே எண்ண வேண்டியிருக்கிறது.

இனி, எத்தகைய பிணைச்சல் வேண்டும்? என்றும் பழுதாகாத பிணைச்சல் ஒரு இலட்சியம். பழுதானாலும் கையிலுள்ள பொருளைக் கொண்டு திருத்தக்கூடியது இன்னொரு இலட்சியம். முதலாவதை ஐரோப்பியக் கம்பனிகள் சில சாதித்திருக்கின்றன. டென்மார்க்கின் லிண்ட்பெர்க் கம்பனி திருகாணியே இல்லாமல், டைட்டானியக் கம்பியைச் சுருட்டியே பிணைச்சலாக்கிற்று. அதன் விலை செல்வர்க்கே கட்டும். இரண்டாவது வழியில் சென்றவர் மார்ட்டின் அவுஃப்மூத் என்ற ஜெர்மானிய ஆசிரியர். உருக்குக் கம்பியைக் கையால் இயக்கும் சிறு கருவியில் வளைத்துச் சட்டம் செய்யும் முறையை அவர் வகுத்தார்; 2012 இல் அதற்காக ஓர் அமைப்பையும் தொடங்கினார். மூலப்பொருட் செலவு ஒரு டொலர் அளவே. கம்பியின் வளைவே பிணைச்சலாவதால் கழன்று விழ ஆணி இல்லை. கருவியை ஊருக்குக் கொண்டுபோய், ஊராருக்கே பயிற்சி கொடுத்து, அங்கேயே செய்யலாம். நமக்குப் பிடித்தது இந்த இரண்டாவது வழியே. தானம் கொடுத்தவர் போன பின்னும் திருத்தும் அறிவு ஊரில் தங்கும்.

ஆயினும் அதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. பிரித்தானியாவின் இலவசச் சட்டங்கள் உறுதியானவைதான். ஆனால் பார்த்த மாத்திரத்தில் இலவசம் என்று தெரிந்துவிடும் அவற்றை அணியப் பள்ளிப் பிள்ளைகள் கூசினார்கள். லயத்துப் பெண்ணுக்கும் முகம் உண்டு. கண்ணாடி முகத்தில் இருக்கும் பொருள். "ஏழைக்கு இது போதும்" என்று நெற்றியில் எழுதிய சட்டத்தை அவள் தகரப் பெட்டியில் போட்டுவிட்டால், அதற்கும் அவளையே பழிப்பதா? நிறம் இரண்டு மூன்று, வடிவம் இரண்டு மூன்று வைத்து அவளையே தேர்ந்தெடுக்கச் சொல்வதால் பிணைச்சலின் உறுதி குறைந்துவிடாது.

தோட்டங்களில் கண் முகாம் நடத்தும் அன்பர்களுக்கு நாம் ஒரு வேண்டுகோள் விடுக்கிறோம். அடுத்த தடவை கண்ணாடிப் பெட்டிகளோடு மலையேறும்போது, தோட்ட வைத்தியசாலையில் ஒரு சிறு திருப்புளியையும், ஒரு டப்பி திருகாணியையும், தண்டு மாற்றத் தெரிந்த ஒருவரையும் விட்டுவிட்டு இறங்குங்கள். எந்தப் பிணைச்சல் எத்தனை மாதம் தாங்கிற்று, எது எவ்விடத்தில் முறிந்தது என்று ஒரு கொப்பியில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1925 இல் தோன்றியது. செடிக்கு வரும் கொப்புள நோயைப் பற்றி அங்கே எத்தனையோ ஏடுகள் உண்டு. கொழுந்து கிள்ளுபவளின் கண்ணாடிக்கு வரும் நோயைப் பற்றி அந்தக் கொப்பியே முதல் ஏடாக இருக்கட்டும்.