என்னாலதான்

போன வருஷம் ஒரு நள்ளிரவில் எங்கள் சர்வர் படுத்துவிட்டது. மீண்டும் எழுப்ப நாற்பது நிமிடம் ஆனது. மறுநாள் அறிக்கை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. ஆங்கிலத்தில் ஒரே வரி எழுதினேன்: சேவை நின்றது, 'ட்யூ டு' மனிதத் தவறு.

அந்த மனிதன் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதமே ஆன பையன். தப்பான கான்ஃபிகரேஷனை ஏற்றியது அவன்தான். வரி பொய்யில்லை. ஆனால் அந்த மாற்றத்தைப் படிக்காமலே 'அப்ரூவ்' அழுத்தியது நான்.

பள்ளியில் இரண்டு வாக்கியம் கொடுத்து 'பிகாஸ்' போட்டு இணைக்கச் சொல்வார்கள். அவன் நனைந்தான், மழை பெய்தது. ஒரு விளைவு, ஒரு காரணம், முழு மதிப்பெண். குடையை யார் எடுத்துப்போனார்கள் என்று எந்த டீச்சரும் கேட்டதில்லை.

'பிகாஸ்' வந்தால் பின்னால் ஓர் எழுவாயும் வினையும் வந்தாக வேண்டும். யார் என்ன செய்தார் என்று சொல்ல வேண்டிய நெருக்கடி. 'ட்யூ டு'வுக்கு ஒரு பெயர்ச்சொல் போதும். ஆள் மெல்ல நழுவிவிடலாம். நான் நழுவினேன்.

தமிழ் இதில் ஒன்றும் உத்தமம் இல்லை. நமக்கு 'ஆல்' இருக்கிறது. உளியால் செதுக்கினான் என்றால் கருவி. சிற்பியால் செதுக்கப்பட்டது என்றால் கருத்தா. இரண்டுக்கும் ஒரே உருபு. அந்தப் பையன் இதில் கருத்தாவா, கருவியா?

1739இல் டேவிட் ஹியூம் ஒன்றைச் சொன்னார்: ஒன்றன்பின் ஒன்று நடப்பதைத்தான் நாம் பார்க்கிறோம், இரண்டையும் கட்டும் கயிற்றைப் பார்ப்பதில்லை, பழக்கத்தில் மனம்தான் அதைக் கட்டுகிறது. காரணமே கிடையாது என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் ஒரு விபத்துக்குப் பின்னால் பத்து விஷயங்கள் நிற்கும்போது, எதில் முடிச்சுப் போடுவது என்பதை எழுதுகிறவன் தேர்ந்தெடுக்கிறான். எனவே இணைப்புச்சொல் இலக்கணம் மட்டுமில்லை, தீர்ப்பும்கூட. அதை எழுதுகிறவனே குற்றத்தில் பங்காளியாக இருந்தால்?

சாயங்காலம் பையன் என் மேசைக்கு வந்தான். "ஸாரிண்ணா, எல்லாம் என்னாலதான்."

என் அறிக்கையில் இல்லாத ஆள் அவன் வாக்கியத்தில் இருந்தான். 'நான்' என்று சொல்ல அவனுக்கு இருந்த தைரியம் எனக்கு இல்லை.

அன்றிரவு அறிக்கையைத் திருத்தி அனுப்பினேன். இப்போது அதில் மூன்று 'பிகாஸ்'. முதலாவதுக்குப் பின்னால் 'ஐ'.