சாவக நாட்டின் நெற்றெய்வமும் பகிர்ந்துண்ணும் அறமும்

அன்னதானத்தின் பெருமையை எடுத்தியம்பும் மணிமேகலைக் காப்பியத்திலே சாவக நாடு குறிப்பிடப்படுகின்றது. அமுதசுரபி என்னும் அட்சய பாத்திரத்தைப் பெற்ற ஆபுத்திரன், சாவக நாட்டில் மழை பொய்த்து மக்கள் பசியால் வாடுகின்றனர் எனக் கேள்வியுற்று, அவர்களுக்கு உணவளிக்கும் நோக்குடன் கப்பல் ஏறினான். இடைவழியில் மணிபல்லவத் தீவில் இறங்கிய அவனைத் தவறவிட்டுக் கப்பல் சென்றுவிட்டது. உண்பார் ஒருவருமில்லாத இடத்தில் பாத்திரத்தை வைத்திருந்து என்ன பயன் எனக் கருதி, அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்தான். மறுபிறவியில் சாவக நாட்டிலேயே தோன்றிப் புண்ணியராசன் என்னும் மன்னனானான். அம் மணிபல்லவம் நயினாதீவே என்பது ஈழத்து அறிஞர் பலரது கருத்து. சாவகம் என்பது இந்தோனேசியாவின் ஜாவாத் தீவு என்பர்.

அந்த ஜாவாவில் ஒருகாலத்தில் சைவம் தழைத்திருந்தது. 9ஆம் நூற்றாண்டில் எழுந்த பிரம்பானன் ஆலயத்தில் சிவபெருமானின் கோயில் 47 மீற்றர் உயரத்துடன் இன்றும் கம்பீரமாக நிற்கின்றது. 1991ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் அதனை உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. இன்று ஜாவா மக்களில் மிகப் பெரும்பாலோர் இஸ்லாமியர். ஆயினும் அவர்களது கிராமங்களில் "தேவி ஸ்ரீ" என்னும் நெற்றெய்வத்தின் கதை மறைந்துவிடவில்லை.

கதை ஊருக்கு ஊர் சிறிது வேறுபடும். கருப்பொருள் ஒன்றே. தெய்வ மங்கை ஒருத்தி உயிர் துறந்தாள். அவளை அடக்கஞ் செய்த மண்ணிலே தலையிலிருந்து தென்னையும், உடலிலிருந்து நெல்லும், ஏனைய உறுப்புகளிலிருந்து வேறு பயிர்களும் முளைத்தன. ஆகவே நெல் என்பது வெறும் தானியமன்று, உலகோரின் பசி தீர்க்கத் தன்னையே ஈந்த ஒரு தாயின் உடல் என்று அம் மக்கள் நம்பினர். அறுவடைக்கு முன் வயலிலே படையல் வைப்பர். முதற் கதிர்களை மணமகன், மணமகள் என இரு கட்டுகளாகக் கட்டி, மரியாதையுடன் வீட்டுக்கு எடுத்துச் சென்று களஞ்சியத்தில் வைப்பர்.

இந்த நம்பிக்கை அறுவடை முறையையும் வகுத்தது. அரிவாளைக் கண்டால் தேவி அஞ்சுவாள் என்பதால், "அனி அனி" என்னும் சின்னஞ்சிறு கத்தியை உள்ளங்கைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு, பெண்கள் கதிர்களை ஒவ்வொன்றாகக் கொய்தனர். இதற்கு நிறையப் பேர் வேண்டும். வயற்காரர் தம் வயலுக்கு வந்த ஏழைப் பெண்களைத் திருப்பி அனுப்புவது முறையன்று. கொய்தவர் ஒவ்வொருவருக்கும் விளைந்த நெல்லிலேயே ஒரு பங்கு கிடைத்தது. அப்பங்குக்குப் "பாவொன்" என்று பெயர். காணி இல்லாத விதவையும் தன் பிள்ளைகளுக்குச் சோறு ஆக்க வழி இருந்தது. தேவியின் கதை ஏழையின் பங்குக்குக் காவலாக நின்றது என்பதே இதன் பொருள்.

1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் புதிய இன நெல் வந்தது. அது கட்டையான பயிர். அரிவாளால் வெட்டுவது இலகு. பல இடங்களில் வயற்காரர் விளைந்த பயிரை அப்படியே வியாபாரிக்கு விற்றனர். வியாபாரி தன் கூலியாட்கள் சிலரைக் கொண்டுவந்து வெட்டுவித்தான். உலக்கை பிடித்து நெற்குற்றிய பெண்களின் வேலையை ஆலைகள் எடுத்துக்கொண்டன. விளைச்சல் பெருகியது உண்மை. 1984இல் இந்தோனேசியா அரிசியில் தன்னிறைவு கண்டது. பலரது பசியை அந்த நெல் தீர்த்தது. அதேவேளை, வரப்பிலே பங்குக்காகக் காத்து நின்ற பெண்கள் வெறுங்கையுடன் வீடு திரும்ப நேர்ந்தது. உள்ளங்கைக் கத்தி போனபோது, அதனுடன் சேர்ந்து அவர்களது பங்கும் போயிற்று.

ஆயினும் பகிர்ந்துண்ணும் மரபு அங்கு முற்றாக அழிந்துவிடவில்லை. பிறப்பு, திருமணம், இறப்பு, வீடு குடிபுகுதல் ஆகிய வேளைகளில் "ஸ்லாமத்தான்" என்னும் விருந்து நடைபெறுகின்றது. அயலவர் அனைவரும் அழைக்கப்படுவர். எல்லோரும் ஒரே பாயில் அமர்வர். பிரார்த்தனை முடிந்ததும் சிறிது உண்டு, மிகுதியை வீட்டிலுள்ளோருக்கு எடுத்துச் செல்வர். அறுவடை முடிந்தபின் ஊரைத் தூய்மை செய்யும் விழாவில் தோற்பாவைக் கூத்து ஆடப்படும். அதிலே பாண்டவரின் வேலைக்காரனாக செமார் என்னும் ஒரு கிழவன் வருவான். வியாச பாரதத்தில் இல்லாத அவன், உண்மையில் வேலைக்கார வேடம் பூண்ட தேவன். அரசகுமாரர் வழி தவறும்போது அவர்களைத் திருத்துபவன் அவனே. எளியவனை இழிவாக எண்ணாதே என்பதை விடிய விடிய இருந்து பார்க்கும் சிறுவரும் அறிந்துகொள்கின்றனர்.

கதையைக் கேட்பது புண்ணியம். அக் கதை யாருக்காக எதைக் காத்தது என்று உணர்வது அதனினும் பெரிய புண்ணியம். காலத்துக்கேற்பக் கருவிகள் மாறும். அதனை எவரும் தடுக்க இயலாது. ஆனால் பழைய வழக்கம் ஒன்றைக் கைவிடும்போது, அதனால் உண்டு வந்தவர் யார் என்று கேட்டு, அவரது பங்கை வேறொரு வழியிலாவது கொடுத்தல் வேண்டும். ஆபுத்திரன் கப்பல் ஏறியது தன் பசிக்காக அன்று. தேவி ஸ்ரீ நெல்லாய் முளைத்ததும் ஒரு வீட்டுக் களஞ்சியத்துக்காக அன்று. ஆலயத்தில் படைக்கும் அமுதும் அவ்வாறே. கடைசி வரிசையில் நிற்பவரின் இலையிலும் அது விழும்போதுதான் பூசை நிறைவெய்துகின்றது.

எல்லாம் வல்ல இறைவனின் திருவருள் அனைவருக்கும் கிடைப்பதாக.