எந்த இடத்தில் குற்றம்?

மொத்தமாகத் திட்டுவதில் பெரிய வசதி ஒன்று உண்டு. எதையும் கவனித்துப் பார்க்க வேண்டியதில்லை. ‘இந்தக் காலத்துப் பசங்களே இப்படித்தான்’, ‘இந்த ஆபீசே உருப்படாது’, ‘உன் சமையலே வேஸ்ட்’. சொல்லி முடித்ததும் மனசு லேசாகிவிடும். கேட்டவருக்கும் அது வசதிதான். எல்லாமே தப்பு என்றால் எதைத் திருத்துவது? சண்டைக்கு வரலாம், அல்லது காதில் வாங்காமல் போகலாம். எதையும் மாற்ற வேண்டாம்.

கல்யாண வீட்டில் பாருங்கள். ‘சாப்பாடே சரியில்லப்பா’ என்று பெண்ணின் பெரியப்பா சமையல்கட்டு வாசலில் நின்று சத்தம் போட்டால், மாஸ்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் நகர்ந்துவிடுவார். முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் கேட்டுப் பழகிய வசனம். ‘மாஸ்டர், ரசத்துல புளி தூக்கலா இருக்கு’ என்று சொல்லிப் பாருங்கள். அவர் கை தானாகக் கரண்டிக்குப் போகும். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பார். கொஞ்சம் பருப்புத் தண்ணீர் சேரும். அடுத்த பந்திக்கு வேறு ரசம்.

சங்கப் புலவர் நக்கீரரை நமக்கு எதற்காக ஞாபகம் இருக்கிறது? சிவனையே எதிர்த்து நின்றதற்காக. 1965-இல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தில் இயக்குநர் ஏ.பி.நாகராஜனே அந்த வேடத்தில் நடித்து, அந்தக் கம்பீரத்தை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்துவிட்டார். நெற்றிக்கண்ணும் நெருப்பும்தான் கண்ணில் நிற்கின்றன. அதற்கு முன்னால் நக்கீரர் செய்த காரியத்தைப் பாருங்கள். சிவனே எழுதித் தர, பொற்கிழிப் பரிசுக்காக ஏழைப் புலவர் தருமி கொண்டுவந்த பாட்டு மட்டம் என்று அவர் சொல்லவில்லை. பொற்கிழிக்கு அலைகிறவர்களே இப்படித்தான் என்றும் சொல்லவில்லை. பாட்டின் பொருளில் ஒரே ஓர் இடத்தில் விரலை வைத்தார். பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் கிடையாது, சூடும் பூவாலும் பூசும் வாசனையாலும் வருவதுதான் என்றார். அவ்வளவுதான். கடவுளே நேரில் வந்து பதில் சொல்ல வேண்டியதாயிற்று!

(அந்தப் பாட்டுக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. குறுந்தொகையில் இரண்டாம் பாட்டாக, இறையனார் பெயரில், இன்றும் ஜம்மென்று இருக்கிறது.)

நாம் நக்கீரரின் வீறாப்பை எடுத்துக்கொண்டோம். விரலை விட்டுவிட்டோம்.

இன்று யாரையாவது குறை சொல்ல வாயெடுத்தால் இடத்தைக் காட்டிச் சொல்லுங்கள். எந்த வேலை, எந்த நாள், எந்த வரி என்று. அப்படிச் சொன்ன குறைக்கு ‘சரி, பாக்கறேன்’ என்றாவது ஒரு பதில் வரும். தேடியும் இடம் அகப்படவில்லையா? அப்படியென்றால் கோபம் வேறெங்கிருந்தோ வந்திருக்கிறது. காலையில் தவறவிட்ட பஸ்ஸுக்காக மகனின் தலைமுறையையே வறுத்தெடுத்துக்கொண்டிருக்கிறீர்களோ என்னவோ!