கொல்லாமையும் கணினி விளையாட்டும்

டென்மார்க் நாட்டு நிறுவனம் ஒன்று உருவாக்கிய 'ஹிட்மேன்' என்னும் கணினி விளையாட்டு 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவ்வரிசை இன்றும் தொடர்கிறது. நம் இளைஞரும் ஆடுகின்றனர். ஆடுபவர் 'ஏஜென்ட் 47' என்னும் கூலிக் கொலைஞனை இயக்குவர். அவன் மாறுவேடம் பூண்டு, காவலர் அறியாமல் புகுந்து, குறித்தவரை மட்டும் கொன்று மீளவேண்டும். பிறரைக் கொன்றால் மதிப்பெண் குறையும்.

இதனால் முதற்சீலம் கெடுமா? உயிர் இருத்தல், அஃது உயிரென அறிதல், கொல்லும் எண்ணம், முயற்சி, அதனால் நேரும் மரணம் ஆகிய ஐந்தும் கூடினால்தான் கொலை என்பர் நம் உரையாசிரியர். திரையில் உயிரில்லை, ஆதலின் சீலம் கெடவில்லை. ஆடுபவனைக் கொலைஞனெனப் பழித்தல் தகாது.

ஆயினும், மனம் எதிற் பழகுகிறது என்பதை நாம் நோக்கவேண்டும். பொறுமை, கூர்ந்த கவனம், தன்னடக்கம் யாவும் இவ்விளையாட்டில் உண்டு. கருணை ஒன்றே இல்லை. கருணையற்ற கவனம் எலிக்காகக் காத்திருக்கும் பூனைக்கும் உண்டு. அது நற்கடைப்பிடி ஆகாது.

கொலைத்தொழிலில் ஊறிய அங்குலிமாலனைப் பகவான் படையின்றியே நிறுத்தினார், இகழ்ந்து ஒதுக்கவில்லை. நாமும் விளையாட்டைப் பறித்தெறிய விரையாமல், இளைஞன் அருகே அமர்வோம். "தம்பி, அந்தக் குறிக்கப்பட்டவன் மெய்யாகவே உன்முன் நின்றால், அவனுக்கும் உயிர் இனிதன்றோ?" எனக் கேட்போம். அவ்வினா அவனுள் தங்குமாயின், சீலம் அங்கே வேரூன்றும்.